சாய அறை டம்ளர்

1. பி.எஸ்ஸி. பயோடெக்னாலஜி முடித்து, திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் இருந்த ஒரு விதை நிறுவனத்தின் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன்.

2. முதல் நாளே என்னைச் சாய அறையில் போட்டார்கள். டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரிவதற்காகச் சேர்க்கும் சாயத்தைக் கையாளும் அறை அது. ஆபத்தான பொருள் என்பதால் அங்கே தனி விதிகள் இருந்தன.

3. விதிகளை ஒன்று விடாமல் கடைப்பிடித்தேன்.

4. சில ஆண்டுகள் கழித்து, பாதுகாப்பானது என்று அச்சடித்த புதிய சாயம் வந்தது. கையுறை போனது. முகக் கவசம் போனது. தனிக் குப்பைக் கூடை போனது. கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கை போனது.

5. ஒரு விதி மட்டும் போகவில்லை.

6. என் கண்கள் வெந்தன.

7. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

8. ஆய்வகத்தை மூடினார்கள். நான் வேறு ஆய்வகத்துக்குப் போகவில்லை.

ஓய்வு பெற்ற ஆய்வகப் பணியாளர் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் ஆட்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனாலும் அந்த வேலை முடிந்துவிட்டது, திரும்பிப் போகும் எண்ணமும் இல்லை. அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதக் காரணம் பவித்ரா. எங்கள் ஊர்ப் பெண், நான் படித்த கல்லூரியில் எனக்குப் பல வருடம் பின்னால் படித்தவள். இப்போது திருப்பதியில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை. போன மாதம் போன் செய்தாள்.

"அக்கா, எங்க லேபுக்குப் புது டை வந்துகீது. சேஃப்னு லேபிள்லயே போட்டுகீது. கிளவுஸ் வேணாம்னு சொல்றாங்க. போடறதா, வேணாமா?"

"பழைய சாயம் இருக்குதா?"

"அதுவும் ஒரு பாட்டில் கீது. ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஒளிச்சி வெச்சிகீறாங்க, மாமியார்கிட்டருந்து நகைய ஒளிச்சி வெக்கிற மாதிரி. ஒரே வார்த்தைல சொல்லுக்கா, சேஃபா இல்லியா?"

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எங்கள் ஆந்திர எல்லைப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை போடும் மலருக்கும் கட்டுரை கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து இது.

நான் படித்த காலம், எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஏதோ ஒன்றுக்குக் கிளம்பிய காலம். என் அண்ணன் குவைத்துக்குப் போனான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தடாவுக்கும் நாயுடுபேட்டைக்கும் புதிதாக வந்த கம்பெனிகளுக்குப் போனார்கள். விதைக் கம்பெனிகள் சித்தூர் மாவட்டத்துத் தக்காளி விவசாயிகளைத் தேடி வந்தன. பயோடெக் என்ற சொல்லைப் போட்டுத் திருப்பதியில் தெருவுக்குத் தெரு பட்டப்படிப்பு தொடங்கினார்கள். அதில் ஒன்றில் நான் படித்தேன். புத்தகத்தில் படித்த கருவியைக் கடைசி வருடம் ஒரே ஒரு முறை தொடவிட்டார்கள். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. வேலையை வேலையில்தான் கற்றேன். கற்றுக்கொடுத்தவர் தாமோதரம் சார்.

ஆய்வகத்தின் சூப்பர்வைசர் அவர். புத்தூர் பக்கத்தில் தலைமுறைகளாக நிலம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். மற்ற எல்லாரிடமும் தெலுங்கு பேசுவார், என்னிடம் மட்டும் தமிழ். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் "ம்மா" போடாமல் கூப்பிட மாட்டார். சட்டைப் பையில் நீலப் பேனா, சிவப்புப் பேனா, பென்சில் அதே வரிசையில் இருக்கும். முதல் நாள் என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"அடடே, நகரி பக்கம்தானா! நம்ம பக்கம். ரோட்டு மேல ஒரு ரைஸ் மில்லு கீதே, அந்த ஊருதானே?"

"ஆமா சார்."

"மில்லுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயாம்மா?"

"அந்தாண்ட சார்."

"ம்." பேனாவை மூடினார். "நைனா இன்னா பண்றாரு?"

"கொஞ்சம் நெலம் கீது சார். கூலிக்கும் போவாரு."

"நல்லதும்மா. நல்லாப் படிச்சிகீற."

மில்லுக்கு அந்தப் பக்கம் இருப்பது காலனி. காலனி என்றால் எந்தச் சாதி என்று எங்கள் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஹைதராபாத்திலிருந்து வந்த மேனேஜருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருக்காது. அவர் என் மார்க்கைப் பார்த்து வேலை கொடுத்தார். என் மொழி பேசுகிறவருக்குத்தான் மில் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டுத் தக்காளி விதையில் தாய்ச் செடியின் டி.என்.ஏ.யும் தந்தைச் செடியின் டி.என்.ஏ.யும் இருக்க வேண்டும். கலப்பு சரியாக நடந்த விதையில் இரண்டு கோடுகள் தெரியும். தப்பிப்போன விதையில் தாயின் கோடு மட்டும் தெரியும். மாடியில் இருந்த தூய அறையில் விதையிலிருந்து டி.என்.ஏ.யை எடுத்து, இயந்திரத்தில் பெருக்குவார்கள். அது கீழே என்னிடம் வரும். நான் கடற்பாசித் தூளை எடைபோட்டுக் காய்ச்சி, குடுவையை வெறும் கையால் பிடிக்க முடிகிற சூட்டுக்கு ஆறவிட்டு, சாயத்தைச் சேர்த்துத் தட்டில் ஊற்றுவேன். அது அல்வா போல உறையும். அதில் மாதிரிகளை ஏற்றி, மின்சாரம் பாய்ச்சி, கடைசியில் புற ஊதா விளக்குப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தால் இருட்டில் ஆரஞ்சு நிறத்தில் கோடுகள் எழும்பும். முதல் முறை பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றது. அந்த அறையில் எனக்குக் கிடைத்த நல்லது அது ஒன்று.

சாயத்தின் பெயர் எத்திடியம் புரோமைடு. டி.என்.ஏ. ஏணிப்படிகளுக்கு நடுவே போய் அது உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் ஒளிர்கிறது, அதனால்தான் பயமும். உயிருள்ள செல்லில் போய் அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பாக்டீரியாவில் சோதித்தபோது மரபணுவை மாற்றியது.

தாமோதரம் சார் இந்தச் சாயத்தைக் கையாளக் கற்றுக்கொடுத்த விதத்தில் இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். "வலது கை சாயத்துக்கு, இடது கை கதவுக்கு" என்பார். வலது கையில் மட்டும் கையுறை. இடது கை வெறும் கை. கதவுப் பிடி, சுவிட்சு, பேனா, போன் எல்லாம் இடது கையால். கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துப் போட வேண்டும். சாயத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டக் கூடாது. கரித்தூளில் வடிகட்டி, கரியைத் தனியாகக் கட்டிவைக்க வேண்டும். அவரே என் பக்கத்தில் நின்று, என் முழங்கையைத் தொடாமல் பென்சிலால் சுட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். தொடாததை அப்போது நான் கவனிக்கவில்லை.

கடைசி விதி டம்ளர்.

"சாய அறைல வேல செய்றவங்க பேன்ட்ரில எல்லாரோட டம்ளர் எடுக்கக் கூடாதும்மா. கைல கண்ணுக்குத் தெரியாம ஒட்டிகினு வரும். உனக்குத் தனி டம்ளர். வெளிய குழாயாண்ட ஆணி கீது, அதுல மாட்டிக்கோ. எல்லாரோட நல்லதுக்குத்தான்."

எனக்கு இது சரியாகவே பட்டது. படித்த பாடத்தோடு ஒத்துப்போனது. ஊரில் தனி டம்ளர் எதற்கு என்று எனக்குத் தெரியும். இது வேறு, இது அறிவியல் என்று நினைத்தேன். இதை என் நைனாவிடம் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "டம்ளரு எங்க மாட்டிகீது?" என்று மட்டும் கேட்டார். வெளியே என்றேன்.

சாய அறையில் நான் மட்டும் இல்லை. ரேவதியும் இருந்தாள். திருப்பதிக்காரி. வீட்டில் தெலுங்கு, சென்னையில் ஹாஸ்டலில் படித்ததால் தமிழும் பேசுவாள். ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான். என்னைவிட வேகமாக வேலை செய்வாள், என்னைவிட அதிகமாகச் சிந்துவாள். அவள் வாரத்திலும் அவள் உள்ளே, நாங்கள் சாப்பிடும் பேன்ட்ரி அறையில்தான் தண்ணீர் குடித்தாள். ஆணியில் ஒரு டம்ளர்தான் தொங்கியது.

"ஏய் சுகுணா, உன் டம்ளர் வெளில காயுது பாரு. காக்கா தூக்கிட்டுப் போய்டப் போகுது" என்பாள். கேலியில் விஷம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவளுக்கு அது ஒரு தமாஷ்.

மாதம் ஒருமுறை கைவிளக்குச் சோதனை நடக்கும். எல்லா விளக்கையும் அணைத்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, கையில் பிடிக்கும் சிறிய புற ஊதா விளக்கோடு சார் முன்னால் போவார். நாங்கள் பின்னால். சாயம் சிந்தியிருந்தால் அந்த இடம் ஆரஞ்சாக மின்னும். சலவைத்தூள் பட்ட இடம் நீலமாகத் தெரியும், அதற்குப் பயமில்லை. ஆரஞ்சு எங்கெங்கே கிடைத்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாய அறை மேசை விளிம்பில். ரேவதியின் கைப்பை ஜிப்பில். பேன்ட்ரி ஃபிரிட்ஜின் பிடியில். ஒருமுறை தாமோதரம் சாரின் அறைக் கதவுப் பிடியிலேயே. "அய்யய்யோ, யாரும்மா இது" என்று சிரித்துக்கொண்டே துடைக்கச் சொன்னார். என் டம்ளரை நானே ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து எடுத்துவந்து விளக்கடியில் காட்டுவேன். அது வெறும் எவர்சில்வராகவே இருந்தது.

ஒருநாள் கேட்டேன். "சார், ரேவதி உள்ள குடிக்கிறாங்களே?"

"அவ கைய நல்லா கழுவிகினு வராம்மா."

"நானும் கழுவறேன் சார்."

"உன்ன சொல்லலம்மா. ரூல சொல்றேன்."

இன்னொரு விதியும் இருந்தது. டி.என்.ஏ.யைப் பெருக்கிய பிறகு அதன் துளிகள் உடையில் ஒட்டிக்கொண்டு மாடிக்குப் போனால், அங்கே புதிய மாதிரியோடு கலந்து முடிவு கெட்டுவிடும். அதனால் சாய அறையில் வேலை செய்தவர் அன்று மாடித் தூய அறைக்குப் போகக் கூடாது. இது உண்மையான விதி. எந்த ஆய்வகத்திலும் உண்டு. ஆனால் அது அன்றைய நாளுக்கு மட்டும். மறுநாள் குளித்து, வெளுத்த கோட்டுப் போட்டுக்கொண்டு போகலாம். ரேவதி அப்படித்தான் தன் சாய வாரம் முடிந்து மாடிக்குப் போனாள். இயந்திரத்தை இயக்கக் கற்றாள். எனக்குச் சாய வாரம் முடிந்தால் கண்ணாடிச் சாமான் கழுவும் வாரம் வந்தது. மாடியில் கற்றவர்களைத்தான் பெங்களூர்க் கம்பெனிகள் எடுத்தன. கீழே இருந்தவர்களுக்குக் கீழேதான். நான் கேட்கும்போதெல்லாம் சார் சாயத்தைச் சொன்னார். "டேஞ்சர் மெட்டீரியல் புழங்கற எடம்மா. பழகின கை வேணும். உன்ன நம்பித்தான் விட்டுகீறேன்."

ஆகவே, புதிய சாயம் வருகிறது என்று கேட்டபோது நான் அளவுக்குமேல் சந்தோஷப்பட்டேன். ஆபத்து போனால் விதி போகும். விதி போனால் நான் மாடிக்குப் போகலாம்.

அதை விற்க வந்தவர் பெங்களூரிலிருந்து வந்தார். பெரிய மூலக்கூறாகச் செய்திருப்பதால் செல்லின் சவ்வுக்குள் எளிதில் நுழையாது என்று படம் போட்டுக் காட்டினார். பச்சையாக ஒளிரும் என்றார்.

"மேடம், இதுல காபியே கலந்து குடிக்கலாம். அவ்ளோ சேஃப்."

"முதல்ல நீங்க குடிங்கண்ணா" என்றாள் ரேவதி.

"எனக்கு ஷுகர் இருக்கு மேடம்."

எல்லாரும் சிரித்தோம். சாரும் சிரித்தார்.

சாயம் நல்ல சாயம்தான். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பாட்டிலில் அச்சடித்திருந்த ஒரு சொல்லை வைத்து ஓர் அறையையே அவிழ்த்துவிட்டார்கள். கையுறை வாங்குவதை நிறுத்தினார்கள். கரித்தூள் வடிகட்டியை எடுத்தார்கள். விளக்கிலிருந்து கண்ணைக் காக்கும் பிளாஸ்டிக் முகக் கவசம் விரிசல் விட்டிருந்தது, அதற்குப் பதில் புதியது வரவில்லை. நான் சாரிடம் போனேன்.

"சார், சாயம்தான் மாறிகீது. பெட்டி அதே புற ஊதாப் பெட்டிதான். மூஞ்சிக்குக் கவசம் வேணும்."

"சேஃப்னு எழுதிகீதேம்மா."

"அது சாயத்துக்கு சார். வெளிச்சத்துக்கு இல்ல. இந்தச் சாயத்த நீல வெளிச்சத்துலயும் பாக்கலாம்னு விக்க வந்தவரு சொன்னாரு. நீலப் பெட்டி வாங்கினா கவசமே வேணாம்."

"ஹைதராபாத் ஹெட் ஆபீசுக்கு எழுதறேன்" என்றார். சிவப்புப் பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார்.

பிறகு மதனப்பள்ளிப் பக்கத்துப் பிரச்சினை வந்தது. எங்கள் நிறுவனத்து விதை போட்ட விவசாயிகள் செடி ஒரே மாதிரி வரவில்லை, காய் பல தினுசாக இருக்கிறது என்று விதைக் கடை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஹைதராபாத்தில் பதறினார்கள். அந்த லாட் விதையின் மாதிரிகள் எல்லாவற்றிலும் கோடுகளை வெட்டி எடுத்து, அவற்றின் டி.என்.ஏ.யை எழுத்து எழுத்தாகப் படிக்க அனுப்ப வேண்டும் என்றார்கள். கோட்டை வெட்டுவது என்றால், விளக்குப் பெட்டி எரிந்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் குனிந்து, பிளேடால் அல்வாத் துண்டைச் செதுக்குவது போலச் செதுக்கி எடுக்க வேண்டும். ஒரு கோட்டுக்கு அதிக நேரம் ஆகாது. அன்று காலையிலிருந்து மதியம் வரை விடாமல் செதுக்கினேன். பழைய கவசம் விரிசல் வழியே உடைந்து விழுந்திருந்தது. விவசாயிகள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சார் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். கதவருகிலேயே நின்று சொன்னார்.

வேலையை முடித்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. சாயந்திரம் புத்தூர் வழி பஸ்ஸில் வரும்போது கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருந்தது. நகரிக்கு வருவதற்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை. கன்னம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி எரிந்தது. பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்த நைனா கையைப் பிடித்து இறக்கினார்.

"சாயம் பட்டுட்ச்சா?"

"சாயம் இல்ல நைனா. விளக்கு."

"விளக்கப் பாத்தாவா கண்ணு போவும்?"

மறுநாள் திருப்பதியில் கண் மருத்துவமனைக்கு அவர்தான் இட்டுக்கொண்டு போனார். கண் டாக்டர் வயதான அம்மா. என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"வெல்டிங்கா? பொண்ணுங்களும் இறங்கிட்டீங்களா?"

"லேப்ல வேல டாக்டர். புற ஊதா விளக்கு."

"எவ்ளோ நேரம் பாத்த?"

"காலைலருந்து மத்தியானம் வரைக்கும்."

"அது இன்னா சினிமாவா, உக்காந்து பாக்க? கண்ணாடி போடாத வெல்டிங் பசங்க தினம் வராங்க எங்கிட்ட. அவங்களுக்குப் படிப்பு இல்ல. உனக்கு இன்னா கேடு?" சொட்டு மருந்து விட்டார். ஓரிரு நாளில் ஆறிவிடும், மறுபடி மறுபடி வந்தால் ஆறாது என்றார். புற ஊதா ஒளியால் வந்தது என்று தெளிவாகச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ரேவதி போன் செய்து அழுதாள். அது உண்மையான அழுகை. சாரும் போன் செய்தார். "புது டை உனக்கு அலர்ஜியா இருக்கும்மா. ரெஸ்ட் எடு" என்றார்.

கண் திறந்த பிறகு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே என்ன கேட்பது என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். மூன்று விஷயங்கள். சார் அறையில் ரேவதியும் ஏதோ கையெழுத்துக்காக நின்றாள். அவள் இருக்கட்டும் என்றே கேட்டேன்.

"சார், முகக் கவசம்."

"பாக்கலாம்மா. எழுதிகீறேன்."

"சாயம் சேஃப் ஆயிட்ச்சி. என்ன மாடில போடுங்க. இயந்திரம் கத்துக்கறேன்."

"இப்ப இருக்கற ஆளே ஜாஸ்தி. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"என் டம்ளர உள்ள வெச்சிக்கறேன் சார்."

முதல் இரண்டுக்கும் யோசிக்காமல் பதில் வந்தது. இதற்குத்தான் யோசித்தார்.

"பழைய டைல ரொம்ப வருஷம் வேல செஞ்சிகீறம்மா. உடம்புல கொஞ்சமாவது ஏறி இருக்கும். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ரேவதியும் செஞ்சிகீறாங்களே சார்."

"அவ வேறம்மா."

ரேவதி கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதில் அவ்வளவு படிக்க ஒன்றும் இருந்திருக்காது.

"கைவிளக்கு கீதே சார். என் கைய, டம்ளர, எல்லாத்தையும் காட்டறேன். ஆரஞ்சு தெரிஞ்சா வெளியவே வெச்சிக்கறேன்."

"எல்லாம் விளக்குல தெரியாதும்மா" என்றார். அதே குரல். சாயத்தின் விதிகளைச் சொல்லிக்கொடுத்த அதே பொறுமை.

நான் டெக்னீஷியன். எதையும் சோதித்துப் பார்த்துத்தான் பழக்கம். இத்தனை வருடம் ஒரு விளக்கை நம்பினேன். எதைத் தேடுகிறார்கள் என்று தெரியாமலேயே என் டம்ளரை மாதாமாதம் அதனடியில் நீட்டியிருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேன்ட்ரிக்குப் போனேன். மூன்று நான்கு பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்தன. ஒன்றை எடுத்தேன். கேனிலிருந்து தண்ணீர் பிடித்தேன். எங்கள் பக்கத்தில் பொது டம்ளரில் அண்ணாந்துதான் குடிப்பார்கள். நான் வாய் வைத்துக் குடித்தேன். முழுவதும் குடித்தேன். கழுவினேன். இருந்த இடத்தில் கவிழ்த்தேன். கணக்குப் பிரிவில் இருந்தவர், "ஊறுகாய் வேணுமாம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார்.

மறுநாள் ரேவதி வீட்டிலிருந்து பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்தாள்.

"தொண்ட சரியில்ல சுகுணா. டாக்டர் வெந்நீர்தான் குடிக்கச் சொன்னாரு."

பாட்டிலின் வெளிப்பக்கம் குளிர்ந்து வியர்த்திருந்தது. அவள் என் தோளில் கை வைத்து, கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தோளைத் தொடுவதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. டம்ளர்தான்.

அதற்கடுத்த நாள் காலை, டம்ளர்கள் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுத் தொட்டிக்கு அடியில் தள்ளப்பட்டிருந்தன. அலமாரியில் பேப்பர் கப் அடுக்கு.

"ஹைஜீன்ம்மா" என்றார் தாமோதரம் சார், நான் கேட்காமலேயே. "லேப்னா சேஃப்டி முக்கியம் இல்லியா? ஒருத்தர் குடிச்சதுல ஒருத்தர் எதுக்கு?"

முகக் கவசத்துக்கு நான் முதலில் கேட்டபோது விவசாயிகள் இன்னும் நாற்றுகூட விட்டிருக்கவில்லை. அவர்கள் அறுவடை பொய்த்துக் கடை முன்னால் உட்கார்ந்து, எழுந்தும் போய்விட்டார்கள். கவசம் வரவில்லை. பேப்பர் கப் ஒரே நாளில் வந்தது.

கவசத்தை நானே வாங்கினேன், ரேணிகுண்டா சாலையில் ஒரு வெல்டிங் சாமான் கடையில். சாணை பிடிக்கிறவர்கள் போடும் கெட்டிப் பிளாஸ்டிக் கவசம், புற ஊதாவை நிறுத்தும். கடைக்காரர், "எந்த ஒர்க்ஷாப்மா?" என்றார். எனக்கு அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய வெட்கமாக இருக்கவில்லை. அதைப் பார்த்து ரேவதியும் ஒன்று கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போகும்போது அதை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

அதன்பிறகும் சில காலம் அங்கே இருந்தேன். மாடிக்குப் போகவில்லை. பிறகு சோதனைகளை எல்லாம் ஹைதராபாத்திலேயே செய்துகொள்கிறோம் என்று நிறுவனம் முடிவெடுத்தது. மாடியில் இருந்தவர்களுக்கு அங்கே வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. தாமோதரம் சாருக்குப் பிரிவுபசாரம் நடந்தது. இத்தனை வருடத்தில் சாயத்தால் ஒரு விபத்தும் நடக்கவில்லை என்று ஹைதராபாத்திலிருந்து வந்தவர் பாராட்டினார். அது பொய் இல்லை. சாயத்தால் நடக்கவில்லை. காபி பேப்பர் கப்பில் கொடுத்தார்கள்.

பவித்ராவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. எத்திடியம் புரோமைடு பாக்டீரியாவில் மரபணுவை மாற்றுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் தந்ததாக நேரடிச் சான்று எனக்குத் தெரிந்து இல்லை. தராது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆப்பிரிக்காவில் மாட்டுக்கு ஒட்டுண்ணி நோய் மருந்தாகவே அதைக் கொடுத்திருக்கிறார்கள். பயந்து சாகவும் வேண்டாம், வெறும் கையால் அள்ளவும் வேண்டாம். புதிய சாயங்கள் செல்லுக்குள் எளிதில் போகாதபடி செய்யப்பட்டவை, அதனால் ஆபத்து குறைவு. ஆபத்து குறைவு என்றால் கையுறை வேண்டாம் என்று பொருள் இல்லை. டி.என்.ஏ.யைப் பிடித்துக்கொள்ளும் எந்தப் பொருளுக்கும் கையுறை போடு. பாட்டிலின் முன்பக்கத்தைப் படிக்காதே, அதோடு வரும் பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்கிப் படி. புற ஊதாப் பெட்டி இருந்தால் முகக் கவசம் இல்லாமல் அதன் விளக்கைப் போடாதே, எந்த விவசாயி எங்கே உட்கார்ந்திருந்தாலும்.

படித்துவிட்டுப் போன் செய்தாள். "தேங்க்ஸ்க்கா. கிளவுஸ் போட்டுக்கறேன். கவசம் கேட்டுகீறேன்."

"தண்ணி எதுல குடிக்கிற?"

"இன்னாக்கா இது கேள்வி? பாட்டில்லதான். இங்க அவங்கவங்களுக்கு அவங்கவங்க பாட்டில். ரூலே அப்படித்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்றேன். அவள் வீடும் மில்லுக்கு அந்தப் பக்கம்தான்.

இப்போதைய நிலைமை இது. அந்த ஆய்வகக் கட்டடத்தில் பைக் ஷோரூம் இருக்கிறது. குவைத்திலிருந்து திரும்பிய அண்ணனோடு சேர்ந்து நிழல்வலை போட்டுத் தக்காளி நாற்று வளர்த்து விற்கிறேன். வெயிலில் வலது கண்ணில் நீர் வருகிறது. புதிய சாயம் பழையதைவிட ஆபத்து குறைந்தது. விளக்கு அதே விளக்கு. பவித்ராவின் ஆய்வகத்துக்கு முகக் கவசம் இன்னும் வரவில்லை. அங்கே ஒவ்வொருவரும் தனிப் பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறார்கள்.